நாய் கற்கும் நொடி

தமிழக எல்லையை ஒட்டிய கேரள ஊர்களான பாறசாலையிலோ செங்கலிலோ ஒரு வீட்டு முற்றம். நாய் தானாக உட்காருகிறது. பார்த்துக்கொண்டிருந்த வீட்டுக்காரருக்குச் சந்தோஷம். உள்ளே போய், அவித்த சாளையில் ஒரு துண்டை எடுத்து வருகிறார். அதற்குள் நாய் எழுந்துவிட்டது. ஒரு கோழியைத் துரத்திவிட்டுத் திரும்பி ஓடிவந்து அவர் வேட்டியின் மேல் முன்னங்கால்களைத் தூக்கி வைக்கிறது. மீன்துண்டு அதன் வாய்க்குள் போகிறது. வீட்டுக்காரர் கணக்கில் அது உட்கார்ந்ததற்கான பரிசு. நாயின் கணக்கிலோ மேலே தாவியதற்கான பரிசு. நாளைக்கு அது உட்காராது, தாவும்.

விலங்குகளைப் பழக்குவதில் உள்ள சிக்கலில் பாதி இந்த இடைவெளியில் இருக்கிறது. ஒரு செயலும் அதன் விளைவும் ஓரிரு நொடிக்குள் அடுத்தடுத்து வந்தால் மூளை இரண்டையும் முடிச்சுப் போடுகிறது. நேரம் கூடக்கூட முடிச்சு தளர்கிறது. நடுவில் வேறொன்று நடந்துவிட்டால் முடிச்சு அதன்மேல் விழுந்துவிடுகிறது. மனிதனுக்கு மொழி இருப்பதால், “நேற்று நீ செய்தாயே, அதற்கு இது” என்று சொல்லிவிடலாம். நாயிடம் அப்படிச் சொல்ல வழியில்லை. அது செய்த சரியான காரியத்தை, அது செய்துகொண்டிருக்கும்போதே சுட்டிக்காட்ட வேண்டும்.

அதற்குத்தான் கிளிக்கர். கைக்குள் அடங்கும் சிறு பிளாஸ்டிக் பெட்டி, உள்ளே சற்றே வளைந்த ஓர் எஃகுத் தகடு. அழுத்தினால் தகடு மடங்கி ‘டிக்’ என்று ஒலிக்கும். திருவிழாக் கடைகளில் முன்பெல்லாம் கிடைத்த தகரத் தவளைப் பொம்மைக்குள்ளும் இதே தகடுதான். நாய் சரியாகச் செய்த கணத்தில் ஒரு டிக். பிறகு தின்ன ஏதாவது. முறை இவ்வளவுதான். அதன் பின்னால் நூறாண்டுக்கு மேற்பட்ட ஆராய்ச்சி நிற்கிறது.

மூன்றாம் தரம்

கடற்கரையில் மீன் ஏலம் பார்த்தவர்களுக்கு கிளிக்கர் செய்யும் வேலை எளிதில் விளங்கும். ஏலம் விடுபவர் “மூணு தரம்” என்று சொன்ன கணத்தில் கூடை யாருக்கு என்பது முடிந்துபோகிறது. பணம் கைமாறுவது பிறகுதான், ஆனால் எந்த விலைக்கு விற்றது என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. கிளிக்கரின் டிக் ஒலியும் அப்படி ஒரு முடிவுக்குரல். “நீ இப்போது, இந்தக் கணத்தில் செய்தாயே, அதை நான் வாங்கிக்கொண்டேன், விலை வந்துகொண்டிருக்கிறது” என்பதே அதன் பொருள். அதன்பின் தீனியை எடுக்க இரண்டு மூன்று நொடி ஆனாலும் நாய் குழம்புவதில்லை.

ஒரு வெற்றொலிக்கு இந்த மதிப்பு வந்த வழியை முதலில் தெளிவாகக் காட்டியவர் ரஷ்ய உடலியலாளர் இவான் பாவ்லவ். செரிமானத்தைப் பற்றிய ஆய்வுக்காக 1904இல் நோபல் பரிசு பெற்றவர் அவர். உணவு வருவதற்கு முன்னே வரும் ஒலிக்கே நாயின் வாயில் எச்சில் ஊறுவதை அளந்து காட்டினார். உணவோடு தொடர்ந்து சேர்ந்து வந்த ஒலி, காலப்போக்கில் உணவின் தூதனாகிவிடுகிறது. கிளிக்கர் பயிற்சியின் முதல் பாடமும் இதுதான். நாயிடம் எதையும் கேட்காமல் ஒரு டிக், ஒரு துண்டு தீனி. மறுபடி ஒரு டிக், ஒரு துண்டு. பத்துப் பதினைந்து தடவைக்குள் பெரும்பாலான நாய்கள் ஒலி கேட்டதும் தலையைத் திருப்பிக் கையைப் பார்க்கத் தொடங்கிவிடும்.

இரண்டாவது பாடம் அமெரிக்காவிலிருந்து வந்தது. எட்வர்ட் தார்ண்டைக் பசித்த பூனைகளை மரக் கூண்டுக்குள் விட்டார். கொக்கியைத் தட்டினால் கதவு திறக்கும், வெளியே உணவு இருக்கும். பூனை முதலில் கண்டபடி பிறாண்டியது. தற்செயலாகக் கொக்கியைத் தட்டியபின், அடுத்தடுத்த முறைகளில் வெளியே வர எடுத்த நேரம் சுருங்கிக்கொண்டே போனது. 1898இல் அவர் வெளியிட்ட அந்த ஆய்விலிருந்து ஒரு விதி பிறந்தது: நல்ல விளைவு தரும் செயல் திரும்பவும் நடக்கும், தராத செயல் மெல்ல உதிர்ந்துபோகும்.

புறாவிலிருந்து டால்பினுக்கு

இந்த விதியைக் கைத்தொழிலாக மாற்றியவர் பி. எஃப். ஸ்கின்னர். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், குண்டுகளை வழிநடத்தப் புறாக்களைப் பழக்க முடியுமா என்று அவரும் மாணவர்களும் மினியாபொலிஸ் நகரத்தின் ஒரு மாவுமில் மாடியில் ஆராய்ந்தார்கள். 1943இல் ஒருநாள், ஒரு புறாவைப் பந்து உருட்ட வைக்க முயன்றார்கள். அது பந்தைத் தட்டும்வரை காத்திருந்து பார்த்தும் பயனில்லை. பிறகு பந்தை லேசாகப் பார்த்தாலே தானியம் கொடுத்தார்கள், அடுத்து நெருங்கினால், அதற்கடுத்து அலகால் தொட்டால். சற்று நேரத்துக்குள் புறா பந்தை அடித்து விளையாடியது. முழுமைக்காகக் காத்திராமல், முழுமையை நோக்கிய ஒவ்வொரு சிறு அடிக்கும் பரிசு தந்து செயலை வனையும் இந்த முறை அன்று பிடிபட்டது. விலங்குகளுக்கு எப்படிக் கற்பிப்பது என்று 1951இல் ‘சயன்டிஃபிக் அமெரிக்கன்’ இதழில் ஸ்கின்னர் எழுதிய கட்டுரை, தகரக் கிளிக்கர் பொம்மையையே ஒலிக்கருவியாகப் பரிந்துரைத்தது.

அந்தக் குழுவில் இருந்த கெல்லர் பிரெலண்ட், மரியன் பிரெலண்ட் தம்பதியர் ஆய்வகத்தை விட்டு வெளியேறி, 1940களில் விலங்குப் பயிற்சிக்கென்றே ஒரு நிறுவனம் தொடங்கினார்கள். கோழி, பன்றி, ரக்கூன் என்று நூற்றுக்கும் மேற்பட்ட இனங்களை அடியில்லாமல் பழக்கினார்கள். செயலையும் பரிசையும் இணைக்கும் ஒலியைப் பாலம் என்று அவர்கள் அழைத்தது இன்றுவரை பயிற்சியாளர்களின் பேச்சில் நிலைத்திருக்கிறது.

முறையை உலகறியச் செய்தவை டால்பின்கள். 1960களில் ஹவாயின் கடல்வாழ் விலங்குப் பூங்காவில் கேரன் பிரையர் அவற்றைப் பழக்கினார். டால்பினுக்குக் கழுத்துப்பட்டி போட முடியாது, சங்கிலியால் இழுக்க முடியாது, பிரம்பால் அடிக்க முடியாது. பிடிக்கவில்லை என்றால் அது நீந்திப் போய்விடும். ஆகவே விசில் ஒலியும் மீனும் தவிர அவருக்கு வேறு வழியே இருக்கவில்லை. 1969இல் பிரையரும் சகாக்களும் வெளியிட்ட ஆய்வு இன்றும் வியக்கவைக்கிறது. முன்பு செய்யாத புதிய அசைவுக்கு மட்டுமே பரிசு என்று வைத்தார்கள். சில நாள் குழம்பிய பிறகு டால்பின்கள், யாரும் கற்றுத்தராத துள்ளல்களையும் சுழல்களையும் தாமாகவே படைத்துக் காட்டின. புதிதாகச் செய் என்ற நுண்மையான கருத்தையே ஒரு விலங்கால் பிடித்துக்கொள்ள முடிந்தது. பிரையரின் புத்தகமும் 1990களில் அவர் நடத்திய பயிலரங்குகளும்தான் கிளிக்கரை வீட்டு நாய்களிடம் கொண்டு சேர்த்தன.

இன்று தான்சானியாவில் பழக்கப்படும், கன்னத்தில் பை உள்ள பெரிய எலிகள் இதே டிக் ஒலியில் கற்றுக்கொண்டு கண்ணிவெடிகளை மோப்பம் பிடிக்கின்றன. கம்போடியாவில் பணியாற்றிய மகாவா என்ற எலிக்கு 2020இல் வீரத்துக்கான தங்கப் பதக்கம் கிடைத்தது.

மூளைக்குள் என்ன நடக்கிறது

டிக் ஒலிக்கு நாய் ஏன் அப்படித் துடிக்கிறது? 1990களில் வோல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் குரங்குகளிடம் செய்த ஆய்வு இதற்கு விடை தருகிறது. மூளையின் அடிப்பகுதியில் டோபமைன் என்ற வேதிப்பொருளைச் சுரக்கும் நரம்பணுக்களின் துடிப்பை அவர் அளந்தார். எதிர்பாராமல் ஒரு துளி பழச்சாறு கிடைத்தால் அவை படபடவென்று துடித்தன. சாற்றுக்கு முன் ஒரு விளக்கு எரியும் என்பதைக் குரங்கு கற்றுக்கொண்டதும் துடிப்பு இடம் மாறியது. விளக்கு எரிந்ததுமே நரம்பணுக்கள் துடித்தன. சாறு வந்தபோது அமைதியாக இருந்தன. விளக்கு எரிந்தும் சாறு வராவிட்டால், வரவேண்டிய கணத்தில் அவற்றின் துடிப்பு வழக்கமான அளவுக்கும் கீழே விழுந்தது.

எதிர்பார்த்ததற்கும் கிடைத்ததற்கும் உள்ள வித்தியாசத்தையே அந்த நரம்பணுக்கள் கணக்கிடுகின்றன. கற்றல் நிகழ்வதும் அந்த வித்தியாசத்தில்தான். கிளிக்கர் பயிற்சியின் கண்டிப்பான விதி ஒன்றுக்கு இதுவே அடிப்படை: டிக் ஒலித்துவிட்டால் தீனி கொடுத்தே ஆகவேண்டும், தவறி அழுத்தியிருந்தாலும். பொய்யான ஒலிகள் சேரச்சேர அதன் மதிப்பு வடிந்துபோகும்.

ஒன்றை ஒளிக்காமல் சொல்லவேண்டும். கிளிக்கர் என்ற பொருளில் மந்திரம் எதுவும் இல்லை. இத்தாலியில் 51 நாய்களை வைத்து 2016இல் வெளியான ஆய்வில், கிளிக்கர் கேட்டவை, பாராட்டுச் சொல் கேட்டவை, தீனி மட்டும் பெற்றவை என்று மூன்று குழுக்களும் ஏறக்குறைய ஒரே அளவில் கற்றன. ஆஸ்திரேலியாவில் 45 நாய்களிடம் 2018இல் செய்த ஆய்விலும் பெரிய வேறுபாடு தெரியவில்லை. வேலையைச் செய்வது பரிசும் அதைக் கொடுக்கும் நேரமும்தான். கிளிக்கர் பழக்குவது பெரும்பாலும் நம்மை. கையில் அது இருக்கும்போது, நாய் எங்கே தப்புச் செய்கிறது என்று தேடும் கண், எப்போது சரியாகச் செய்கிறது என்று தேடத் தொடங்குகிறது. அந்த மாற்றம் பெரிது. கிளிக்கர் வாங்க வசதியில்லாதவர்கள் பேனாவின் தலையை அழுத்தலாம், நாக்கால் ‘டொக்’ என்று ஒலிக்கலாம்.

இரண்டு மொழி கேட்கும் நாய்கள்

மாநில எல்லைகள் மாற்றி வரையப்பட்ட 1956 நவம்பர் 1இல் விளவங்கோடு, கல்குளம், தோவாளை, அகஸ்தீஸ்வரம் ஆகிய நான்கு தாலுகாக்கள் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. களியக்காவிளைக்கும் பாறசாலைக்கும் நடுவே அன்று விழுந்த கோடு இன்றும் வீடுகளின் பேச்சைப் பிரிக்கவில்லை. ஒரே வீட்டில் பாட்டி நாயிடம் “இரிலே” என்பார், மலையாளப் பள்ளிக்குப் போகும் பேரன் “இரிக்கு” என்பான், வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு வந்த மாமன் “சிட்” என்பார். நாய்க்கு இவை மூன்று வெவ்வேறு ஓசைகள்.

ஓசைகளை நாய் உன்னிப்பாகவே கேட்கிறது. ஹங்கேரியின் புடாபெஸ்ட் நகரத்தில் லாரா குவாயாவும் குழுவினரும் 18 நாய்களை மூளை ஸ்கேன் கருவிக்குள் அசையாமல் படுக்கப் பழக்கி, ஸ்பானிய மொழியையும் ஹங்கேரிய மொழியையும் கேட்க வைத்தார்கள். பழகிய மொழியையும் பழகாத மொழியையும் நாயின் மூளை வேறுபடுத்திக் காண்பதை 2022இல் வெளியிட்டார்கள். வயதான நாய்களில் அந்த வேறுபாடு கூடுதலாகத் தெரிந்தது. எல்லைப்புறத்து நாயும் நம் பேச்சின் ஓசையைக் கேட்டுத் தரம் பிரித்துக்கொண்டுதான் முற்றத்தில் படுத்திருக்கிறது என்று எண்ண இடமிருக்கிறது.

ஆனால் கட்டளை மாறிக்கொண்டே இருந்தால் அது திணறும். குடும்பத்தார் கூடி ஒரு செயலுக்கு ஒரு சொல் என்று முடிவு செய்வது நல்லது. டிக் ஒலிக்கு அந்தக் கவலையே இல்லை. பாட்டி அழுத்தினாலும் பேரன் அழுத்தினாலும் ஒலி ஒன்றுதான்; அதில் கோபமும் இல்லை, களைப்பும் இல்லை.

அறியாமல் நடத்தும் பயிற்சி

நான் நாயைப் பழக்கவே இல்லை என்று பலர் சொல்வார்கள். அது நடக்கிற காரியமில்லை. நாயோடு வாழும் எவரும் நாள் முழுக்க அதைப் பழக்கிக்கொண்டே இருக்கிறார்கள்.

தபால்காரர் வாசலுக்கு வருகிறார், நாய் குரைக்கிறது. கடிதத்தைக் கொடுத்துவிட்டு அவர் போகிறார். அவர் போனது தன் வேலை முடிந்ததால். நாய்க்கோ, தான் குரைத்ததால் அந்நியன் ஓடிவிட்டான் என்று தோன்றுகிறது. ஆண்டுக்கணக்கில் இது ஒருமுறைகூடத் தவறுவதில்லை. விடியலில் ரப்பர்ப் பால் வெட்டப் போகிறவரைக் கண்டு குரைக்கும் நாய்க்கும் இதே வெற்றி தினமும் கிடைக்கிறது. நாம் சும்மா இருக்கும்போதே குரைப்பு வலுப்பெறுகிறது.

டீக்கடை வாசலில் படுத்திருக்கும் நாய்க்கு எல்லாரும் பிஸ்கட் போடுவதில்லை. எப்போதோ ஒருவர் போடுகிறார். அதனாலேயே அது அங்கிருந்து நகர்வதில்லை. எப்போது வரும் என்று தெரியாத பரிசு, ஒவ்வொரு முறையும் வரும் பரிசைவிட நீண்ட நாள் பழக்கத்தைக் காப்பாற்றும் என்பதை ஸ்கின்னரும் சார்ல்ஸ் ஃபெர்ஸ்டரும் 1957இல் விரிவாக நிறுவினார்கள். மனிதர்களும் இந்த விதிக்கு விலக்கில்லை. தமிழ்நாட்டில் 2003இல் லாட்டரி தடை செய்யப்பட்டது. கேரளத்தில் 1967 முதல் அரசே லாட்டரி நடத்துகிறது. அதனால் குமரி மாவட்டத்திலிருந்து எல்லை தாண்டி வந்து சீட்டு வாங்குவோரை இந்தப் பகுதி நன்றாக அறியும். எப்போதோ விழும் பரிசு எவ்வளவு வலுவான பிடி என்பதற்கு வேறு சான்று தேவையில்லை.

கிளிக்கர் பயிற்சியிலும் இந்த விதி பின்னால் உதவுகிறது. தொடக்கத்தில் ஒவ்வொரு சரியான செயலுக்கும் டிக், தீனி. செயல் நன்றாகப் பதிந்தபின் கிளிக்கரை எடுத்து வைத்துவிடலாம். தீனியை அவ்வப்போது, எதிர்பாராத வேளையில் கொடுத்தால் போதும். வாழ்நாள் முழுக்கக் கையில் மீனோடு திரிய வேண்டியதில்லை.

அடி எதைக் கற்றுத்தருகிறது

“அடியாத மாடு படியாது” என்பது நம் ஊர்ப் பழமொழி. அடி பலிப்பதுபோலத் தெரிவது உண்மைதான். அந்தக் கணத்தில் நாய் அடங்கிவிடுகிறது. ஆனால் அடங்கியது வேறு, கற்றது வேறு. செருப்பைக் கடித்ததற்கு அடித்தால், செருப்பைக் கடிக்காதே என்று நாய் கற்கும் என்பது நம் எதிர்பார்ப்பு. வீட்டுக்காரர் பக்கத்தில் இருக்கும்போது கடிக்காதே என்று அது கற்கலாம். அல்லது, அவர் கை உயர்ந்தால் ஆபத்து என்று கற்கலாம். என்ன செய்யவேண்டும் என்பதை எந்த அடியும் சொல்வதில்லை.

ஆய்வுகள் இதை அளந்திருக்கின்றன. போர்ச்சுகலில் ஏழு பயிற்சிப் பள்ளிகளிலிருந்து 92 நாய்களை ஆராய்ந்து 2020இல் ஒரு முடிவு வெளியானது. அதட்டலும் கழுத்திழுப்பும் மிகுந்த பள்ளிகளின் நாய்கள், பரிசு முறைப் பள்ளிகளின் நாய்களைவிட அதிகமாக உதட்டை நக்கின, கொட்டாவி விட்டன, உடலைக் குறுக்கின. இவை நாயின் பதற்றக் குறிகள். பயிற்சிக்குப் பின் அவற்றின் எச்சிலில் கார்ட்டிசால் என்ற அழுத்த ஹார்மோன் கூடியிருந்தது. இன்னொரு சோதனையும் செய்தார்கள். அறையின் ஒரு பக்கம் வைக்கும் கிண்ணத்தில் எப்போதும் உணவு இருக்கும், மறுபக்கத்துக் கிண்ணம் எப்போதும் காலி. இதை நாய் கற்றபின் நடுவில் ஒரு கிண்ணத்தை வைத்தார்கள். பரிசில் வளர்ந்த நாய், இருக்கும் என்று நம்பி விரைந்தது. மிகக் கடுமையான தண்டனையில் வளர்ந்த நாய் தயங்கித் தயங்கிப் போனது. பயிற்சி வேளையில் பட்ட அச்சம், பயிற்சிக்கு வெளியிலும் அதன் பார்வையை இருட்டாக்கியிருந்தது.

மின்னதிர்ச்சிக் கழுத்துப்பட்டி வேகமாகப் பலன் தரும் என்று சொல்பவர்கள் உண்டு. இங்கிலாந்தின் லிங்கன் பல்கலைக்கழகத்தில் 63 நாய்களிடம் நடந்த ஆய்வு, பரிசுப் பயிற்சியைவிட அது எவ்வகையிலும் மேலானதில்லை என்று 2020இல் காட்டியது.

நம் வீட்டுப் பாதுகாப்போடு நேரடியாகத் தொடர்புள்ள கண்டுபிடிப்பு 2009இல் அமெரிக்காவில் வந்தது. நடத்தைக் கோளாறுக்காக மருத்துவமனைக்கு வந்த நாய்களின் உரிமையாளர்களை விசாரித்தபோது, அடித்தோ உதைத்தோ பார்த்தவர்களில் 43 விழுக்காட்டினர் நாய் பதிலுக்குத் தாக்க முனைந்ததாகச் சொன்னார்கள். உறுமலை அடித்து அடக்குவதிலும் இதே ஆபத்து இருக்கிறது. உறுமல் என்பது நாயின் எச்சரிக்கை. எச்சரித்ததற்கு அடி விழுந்தால் அது எச்சரிப்பதை விட்டுவிடும். அச்சம் அப்படியே இருக்கும். உறுமாமல் கடிக்கும் நாய்கள் இப்படித்தான் உருவாகின்றன. குழந்தைகள் விளையாடும் முற்றத்தில் அப்படி ஒரு நாயை நாமே வளர்த்துவிடக் கூடாது.

சங்கிலியும் இதில் சேரும். காலை முதல் இரவுவரை ஒரே மரத்தடியில் கட்டப்பட்ட நாய்க்குத் தெரிந்த உலகம் அந்தச் சங்கிலி எட்டும் வட்டம்தான். 1960ஆம் ஆண்டின் விலங்குகள் வதைத் தடுப்புச் சட்டத்தின் 11ஆம் பிரிவு, கட்டியே வைக்கப்படும் நாய்க்கு உடலசைவுக்கு வாய்ப்புத் தராமலிருப்பதையே குற்றங்களின் பட்டியலில் வைத்திருக்கிறது. இரண்டு மாநிலத்துக்கும் அந்தச் சட்டம் ஒன்றுதான்.

நாட்டு நாய்க்கு வருமா?

இதெல்லாம் ஜாதி நாய்களுக்கு, நம் ஊர் நாய்க்கு இதெல்லாம் ஏறாது என்ற எண்ணம் எல்லையின் இரண்டு பக்கத்திலும் இருக்கிறது. அதை மறுக்கும் ஆய்வு இந்தியத் தெருக்களிலேயே நடந்தது. கொல்கத்தாவில் உள்ள இந்திய அறிவியல் கல்வி ஆராய்ச்சி நிறுவனத்தில் அனிந்திதா பத்ராவின் குழு, தெருநாய்களை அவை வாழும் இடத்திலேயே ஆராய்கிறது. முன்பின் தெரியாத ஒருவர் இரண்டு மூடிய கிண்ணங்களில் ஒன்றைக் கைநீட்டிக் காட்டினார். பல நகரங்களில் 160 தெருநாய்களிடம் இதைச் செய்து 2020இல் வெளியிட்டார்கள். ஏறத்தாழ பாதி நாய்கள் அச்சத்தால் நெருங்கவே இல்லை. நெருங்கியவற்றில் சுமார் 80 விழுக்காடு, காட்டிய கிண்ணத்துக்கே போயின. யாரும் பழக்காமலேயே மனிதக் கையின் குறிப்பை அவை படித்தன. அதே குழு 2017இல் வெளியிட்ட இன்னோர் ஆய்வு மனதைத் தொடுவது: பலமுறை சந்தித்த புதிய மனிதரிடம் நம்பிக்கை வளர்வதற்கு, தெருநாய்களுக்கு உணவைவிடத் தலையைத் தடவிக்கொடுத்தது கூடுதலாக உதவியது.

2020 ஆகஸ்ட் 6 இரவு மூணாறு அருகே பெட்டிமுடியில் மண்சரிந்து, தமிழ்த் தோட்டத் தொழிலாளர் குடும்பங்கள் புதைந்தன. குவி என்ற நாட்டு நாய் நாள்கணக்கில் தேடி அலைந்து, தன் வீட்டுச் சிறுமியின் உடல் இருந்த இடத்தை மீட்புப் பணியாளர்களுக்குக் காட்டிக்கொடுத்தது. பின்பு இடுக்கி காவல்துறையின் நாய்ப் பிரிவு அதை எடுத்து வளர்த்துப் பழக்கியது. நம் முற்றத்து நாயின் அறிவில் குறையில்லை. அதற்குக் கற்றுத்தர நாம் ஒதுக்கும் நேரத்தில்தான் குறை.

ஊசிக்கு உடம்பைக் கொடுக்கும் நாய்

நெய்யாற்றின்கரைத் தாலுகாவின் புல்லுவிளைக் கடற்கரையில் 2016 ஆகஸ்டில் 65 வயது மூதாட்டி ஒருவர் நாய்க்கூட்டத்தால் கொல்லப்பட்டார். அந்தத் துயரத்தை நினைவில் வைத்துக்கொண்டுதான் இந்தப் பகுதியில் நாயைப் பற்றி எவரும் பேசவேண்டும். தெருநாய்ப் பிரச்சினையைக் கிளிக்கர் தீர்க்காது. இறைச்சிக் கழிவையும் மீன் கழிவையும் வெளியில் கொட்டாமலிருப்பது, கருத்தடை, தடுப்பூசி ஆகியவை உள்ளாட்சிகள் செய்யவேண்டிய பெரிய வேலைகள். கழிவுக் குவியல் ஒவ்வொன்றும் நாய்களுக்குத் தினமும் பரிசு கொடுத்து அங்கேயே கூட்டம் சேர்க்கிறது என்பதையும் தார்ண்டைக்கின் அதே விதி சொல்கிறது.

வீட்டு நாய் விஷயத்தில் கிளிக்கர் ஓர் உயிர்காக்கும் வேலையைச் செய்யும். உலகில் ஆண்டுதோறும் சுமார் 59,000 பேர் வெறிநாய்க்கடி நோயால் இறக்கிறார்கள் என்பது உலக சுகாதார நிறுவனம் பயன்படுத்தும் மதிப்பீடு. அதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இந்தியாவில். மனிதருக்கு இந்நோய் வருவது 99 விழுக்காடுவரை நாய்களால்தான். ஒரு பகுதியின் நாய்களில் 70 விழுக்காட்டுக்குத் தடுப்பூசி போட்டால் நோயின் சங்கிலி அறுகிறது. ஆனால் கால்நடை மருத்துவமனை வாசலைக் கண்டதும் மிரண்டு, நான்கு பேர் அழுத்திப் பிடித்தும் கடிக்க வரும் நாயை அடுத்த ஆண்டு கூட்டிவர யாருக்கும் துணிவு வருவதில்லை.

உயிரியல் பூங்காக்களில் புலியும் கழுதைப்புலியும் கம்பியோரம் வந்து உடலைக் கொடுத்து ஊசி போட்டுக்கொள்கின்றன. பரிசு முறையில் படிப்படியாகப் பழக்கியதன் பலன் அது. நாய்க்கு இது இன்னும் எளிது. ஊசி இல்லாத சிரிஞ்சை எட்ட வைத்துக் காட்டுங்கள். நாய் அமைதியாகப் பார்த்தால் டிக், தீனி. சில நாளில் சிரிஞ்சை அருகே கொண்டுவாருங்கள். பிறகு பிடரித் தோலை லேசாகப் பிடித்து விடுங்கள். பிறகு சிரிஞ்சின் முனையால் தொடுங்கள். நாய் விலகினால் முந்தைய படிக்குத் திரும்புங்கள். நாய் கடிக்காமலிருக்க மாட்டும் வாய்க்கூட்டுக்கும் இதே வழி: கூட்டின் அடியில் மீன்துண்டை வைத்துப் பிடித்தால் நாய் தானே மூக்கை உள்ளே விடும். விட்ட கணத்தில் டிக். நகம் வெட்டுவது, காதில் மருந்து விடுவது, உண்ணி எடுப்பது எல்லாவற்றையும் இப்படி அச்சமின்றிச் செய்யப் பழக்கலாம்.

தொடங்குவது எப்படி

தீனி நகக்கண் அளவு போதும். முள் நீக்கிய அவித்த சாளை, அவித்த முட்டை, கோழி ஈரல் எல்லாம் நல்லவை. கருவாடாக இருந்தால் உப்புப் போக ஊறவைத்துக் கழுவ வேண்டும். வெங்காயம், பூண்டு, திராட்சை, உலர்திராட்சை, சாக்லேட் ஆகியவை நாய்க்கு நஞ்சு. வேகவைத்த எலும்பு சிம்பாக உடைந்து குடலைக் குத்தும். பயிற்சிக்குக் கொடுத்ததை அன்றைய சாப்பாட்டில் குறைத்துக்கொள்ளுங்கள்.

ஒருவேளைக்கு மூன்று முதல் ஐந்து நிமிடம், நாளுக்கு இரண்டு மூன்று வேளை. நாய்க்கு லேசான பசி இருக்கும் நேரம் ஏற்றது. முதல் நாள் டிக், தீனி மட்டும். ஒலிக்கு மிரளும் நாயானால் கிளிக்கரைத் துணியில் சுற்றி ஒலியைக் குறையுங்கள். அடுத்த நாள் நாய் தானாக உட்காரும்வரை பொறுத்திருந்து, பின்புறம் தரையைத் தொடும் கணத்தில் அழுத்துங்கள். அமுக்கி உட்கார வைக்க வேண்டாம். அது திரும்பத் திரும்பத் தானாக உட்காரத் தொடங்கியபின்தான் சொல்லைச் சேர்க்க வேண்டும். புரியாத சொல்லை முதலிலேயே பத்துத் தடவை சொன்னால் அது வெறும் இரைச்சலாகிவிடும். கூப்பிடுவதற்குக் கிளிக்கரைப் பயன்படுத்தாதீர்கள்; ஒரு டிக்குக்கு ஒரு பரிசு என்பதை மாற்றாதீர்கள்.

பின் தபால்காரர் பாடத்துக்கு வரலாம். ஆள் தூரத்தில் வரும்போதே, நாய் பார்த்துவிட்டுக் குரைக்காமல் இருக்கும் அந்த அரை நொடியில் டிக். நாள் செல்லச்செல்ல தூரத்தைக் குறையுங்கள். அந்நியர் வந்தால் வீட்டுக்காரரைத் திரும்பிப் பார்த்தால் மீன் கிடைக்கும் என்று நாய் கற்றுக்கொள்ளும். ஏற்கனவே ஆளைக் கடித்த நாயாக இருந்தால் தனியாக முயலாமல் கால்நடை மருத்துவரிடம் முதலில் காட்டுங்கள். எந்த நாய் கடித்தாலும் காயத்தைச் சோப்புப் போட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவி, உடனே மருத்துவமனைக்குப் போகவேண்டும். அதற்கு எந்தப் பயிற்சியும் மாற்றில்லை.

வீட்டு நாய்க்கு ஆண்டுதோறும் தடுப்பூசி போட்டு உள்ளாட்சியில் உரிமம் எடுக்க வேண்டும் என்பது கேரளத்தில் விதி. தடுப்பூசிக்காக நாயோடு கால்நடை மருத்துவமனைக்கு வருபவர்களிடம் இந்த முறையைப் பத்து நிமிடம் செய்துகாட்டினால், பல வீடுகளில் பிரம்பு மூலைக்குப் போகும். செலவு ஒரு கிளிக்கரும் கொஞ்சம் மீனும். அடுத்த தடுப்பூசி நாள் எப்போது என்று இன்றைக்கே விசாரித்துக்கொண்டு, சிரிஞ்சை எட்ட வைத்துக் காட்டும் அந்த முதல் படியை நாளைக்கே தொடங்குங்கள். பெரும்பாலான நாய்கள் சில வாரங்களில் உங்களை நம்பிப் பிடரியைக் கொடுக்கும்.